பதினோராவது ஆவர்த்தனம்

சம்பளம் வாங்கிக்கொண்டு செத்தவன் நான்.
அமகாசாகியில், சைக்கிள் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில்,
எண்பத்தொன்பது பிப்ரவரி முழுக்க
ஒரே அரக்கன் கையால்.
நோட்டில் கோடு கிழித்து வைத்திருந்தேன்:
செவ்வாய்க்கிழமை மட்டும் இருநூற்றுப் பதினான்கு சாவு,
அதில் ஒன்று தும்மியதால்.

ஆர்கேடில் அவன் பாதித் திரைக்கு நின்றவன்.
நூறு யென் போட்டால் செதில் செதிலாக மூச்சு விடுவான்,
பின்னால் எரிமலை நகரும்.
வீட்டுப் பெட்டிக்கு அவ்வளவு தாங்காது.
எரிமலையை அழித்தார்கள்.
வானத்துக்குக் கருப்பு அடித்தார்கள்.
அந்தக் கருப்பில் அவனையே சுவராக வரைந்து
சுவரை ஆட்டினார்கள்.
அவன் அசைவதில்லை, உலகம்தான் அசைகிறது.
இது தெரிந்துவிட்ட திமிரில்
கொஞ்ச நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

பக்கத்து மேசையில் நிஷிவாகி ஹிசாகோ.
பாட்டை எண்களாகத்தான் எழுதுவார்,
கடன் கணக்குப் போல, வரிசை வரிசையாக.
ஆர்கேடில் எட்டுக் குரல்.
இங்கே மூன்று, கூடவே ஓர் இரைச்சல்.
எட்டுப் பேர் உட்கார்ந்த பந்தியில் மூன்றே இலை;
யாரை எழுப்புவது என்று
டப்பாக் காபி ஆறும்வரை யோசிப்பார்.
எழுந்து போனவர்களின் பசியையும்
இருப்பவர்கள் வாயிலேயே வைத்துவிடுவார்.

அதைவிடப் பெரிய வம்பு என் கட்டைவிரல்.
நான் சுடும்போதெல்லாம்
அந்த 'டிக்' ஒரு குரலின் வாயைப் பொத்தியது.
மூன்று இரவு இழைத்த மெட்டு
நான் பயந்த இடமெல்லாம் கிழிந்தது.
"ஒரு தடவை சுடாமல் ஆடேன்" என்றார்.
ஆடினேன்.
பாட்டு முழுசாக வந்தது, பதினேழு நொடி.
பிறகு செத்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பென்சிலோடு என் பின்னால் நின்றார்.
திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.
அவன் வாய் திறந்தால் சுடுவேன்,
இரண்டு, ஒரு மூச்சு, மறுபடி ஒன்று.
வால் சுழன்றால் எல்லோரும் தாவுவார்கள், நான் குனிவேன்.
எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்தார்.
எனக்குக் கூச்சமாக இருந்தது,
நகம் வெட்டி இரண்டு வாரம்.

வெள்ளிக்கிழமைப் பதிப்பில்
என் 'டிக்'கைச் சுருதி சேர்த்திருந்தார்.
அரக்கன் வாய் திறப்பதையே
பதினோராவது ஆவர்த்தனத்தோடு கட்டச் சொல்லியிருந்தார்.
அந்த இடத்தில் மெட்டு இல்லை.
வெறும் பள்ளம்.
சுட்டேன்: இரண்டு, ஒரு மூச்சு, ஒன்று.
பள்ளம் நிறைந்தது.
கை அப்படியே நின்றுவிட்டது; வால் வந்து அடித்தது.

மேலாளர் தொகோரோ
"இது எவனுக்குத் தெரியப்போகிறது?" என்றார்.
"நூற்றிருபது பைட் மிச்சம்" என்றார் ஹிசாகோ.
தொகோரோவுக்கு அந்தப் பாஷைதான் புரியும்.

கம்பெனி தொண்ணூற்றிரண்டில் மூடியது.
ஆட்டம் முடிந்ததும் மேலே ஏறும் பெயர்களில்
அவர் 'முள்ளங்கி'.
நான் அதுவும் இல்லை.

இப்போது ஹிமேஜியில் சலவைக் கடை.
பகுதிநேரப் பையன் ஒருத்தன், கிரியூ,
பழைய பெட்டிகளின் பாட்டு என்றால் உயிர்.
யாரும் ஆடாமல், கார்ட்ரிட்ஜிலிருந்து
உரித்தெடுத்த பாட்டைப் போனில் வைப்பான்.
இன்று மதியம் அதுவே வந்தது.
"இங்கே கேளுங்க, பதினொன்றாவதில்
ஒரு ஓட்டை. அவசரத்தில் விட்டுட்டாங்க போல."

நான் இஸ்திரிப்பெட்டியைப் பிடித்திருந்தேன்.
நீராவிப் பொத்தான் கட்டைவிரலடியில்.
சுற்றிப் பாட்டு மறுபடி அந்த இடத்துக்கு வர
ஸ்ஸ், ஸ்ஸ்.
ஒரு மூச்சு.
ஸ்ஸ்.

எவனோ ஒருவன் சட்டைக் காலர் மேல்,
கொஞ்சம் பிந்தி.
அந்தப் பிந்தலுக்கு
அவன் என்னைக் கொன்றிருப்பான்.